தளம் மாறலாம், தடம் அழியலாமா?

இடம்பெயர்தல் என்பது பேராக் மாநிலத் தமிழர்களுக்குப் புதிய செய்தி அன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் ஓய்ந்தபோது பெயர்ந்தோம். பால்மரம் வெட்டுண்டு செம்பனை நடப்பட்டபோது பெயர்ந்தோம். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீடமைப்புத் திட்டங்களாக உருமாறியபோது லயத்து வீடுகளைப் பூட்டிவிட்டுத் தாமான்களுக்குப் பெயர்ந்தோம். பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சிலவற்றை எடுத்துச் சென்றோம். சிலவற்றை விட்டுச் சென்றோம். எடுத்துச் சென்றவை பெரும்பாலும் பாத்திரம் பண்டங்கள். விட்டுச் சென்றவை பெரும்பாலும் ஏடுகள். படிப்பகத்து நூல்கள், நாடக மன்றத்துக் கையெழுத்துப் படிகள், பள்ளியின் பழைய பதிவேடுகள், கோயில் திருவிழாக் கணக்குகள் ஆகியவை எங்கே என்று இன்று கேட்டால், விடை சொல்ல ஆளில்லாத தோட்டங்களே மிகுதி.

இப்போது லாரியும் வேண்டாத, கூலியாளும் வேண்டாத இன்னொரு குடிபெயர்ப்பு நம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கின்றது. கணினியின் இயங்குதளம் மாறுகின்றது. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கான பொது ஆதரவை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. தனிப்பயனர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மேலும் ஓராண்டு கிடைக்க வழி செய்வதாக அறிவித்தது. அடுத்த தளமான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ஆம் நாளே வந்துவிட்டது. ஆயினும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினியையும், குறிப்பிட்ட தலைமுறைக்கு முந்திய செயலியுள்ள கணினியையும் அது முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி, ஒரு நாட்காட்டித் தாள் கிழிந்த காரணத்தினால் பழம்பொருள் ஆகிவிட்டது.

இக்கட்டுரையின் வழக்கு இதுதான்: புதிய தளத்திற்கு மாறுவது குற்றம் அன்று. கணக்கெடுக்காமல் மாறுவது குற்றம். மாறிய வழியைத் தமிழில் எழுதி வைக்காமல் விடுவது அதனினும் பெருங்குற்றம். இதனை நிறுவ, தமிழ் ஏடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். அதுதான் பறப்புப் பாவனைப் பொறி. சிமுலேட்டர் என்று இளைஞர்கள் வழங்குவது அதனையே.

பொறியின் கதை

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பயன்பட்ட காற்றுத் துருத்திகளின் உத்தியைக் கொண்டு, தரையில் இருந்தவாறே விமானம் ஓட்டப் பழகும் பொறி ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. பின்னர் விமானப் படைகள் வாங்கின. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டு விமானிகள் பல்லாயிரவர் அந்தப் பொறியில் அமர்ந்துதான் இருளிலும் மேகத்திலும் கருவிகளை நம்பிப் பறக்கக் கற்றனர்.

அந்தக் கருத்து 1982-இல் ஐ.பி.எம். கணினிக்கு வந்தது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் உருவாக்கிய நிரலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்கள் 2006-இலும் 2020-இலும் 2024-இலும் புதிய உருவில் வந்தன. எக்ஸ்-பிளேன் என்பது வேறொரு குடும்பம். ஃபிளைட்கியர் என்பது, மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமத்தோடு 1997 முதல் தன்னார்வலர் வளர்த்துவரும் மூன்றாம் குடும்பம்.

லகாட் போன்ற ஓர் ஊரில், பால்மரம் சீவியவரின் பேரன் ஒருவன் இத்தகைய பொறியைத் தன் வீட்டில் அமைத்திருக்கின்றான் என்று கொள்வோம். அது ஒரே பொருள் அன்று. ஒரு குடும்பம். கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக். காலுக்குச் சுக்கான் மிதி. இயந்திர விசையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோல். கணினியினுள் மூல நிரல், அதன்மேல் பின்னர்ச் சேர்த்த விமானங்கள், விமான நிலையக் காட்சிகள், வானிலைத் துணைநிரல், எந்தப் பொத்தான் எதனைச் செய்யும் என்னும் அமைப்புகள், பறந்த நேரங்களின் குறிப்பேடு. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் ஓடுதளத்தில் இருந்து எழும்பி, சுண்ணாம்புக் குன்றுகளை ஒருபுறம் விட்டு, மேற்கே திரும்பி, ஈயம் தோண்டிய குட்டைகள் பளபளக்கும் தன் ஊருக்கு மேலே அவன் பறக்கின்றான். எந்தப் பாட்டன் தலைநிமிர்ந்து விமானத்தைப் பார்த்தானோ, அவன் பேரன் விமானத்தில் இருந்து தலைகுனிந்து அந்த நிலத்தைப் பார்க்கின்றான். இதில் பெருமிதம் இல்லை என்பவர் யார்?

இனி, தளம் மாறும் நாள் வருகின்றது. இந்தக் குடும்பத்தில் எவர் எவர் புதிய வீட்டுக்கு வருவார், எவர் எவர் வாசலிலேயே நிறுத்தப்படுவார் என்பது அவனுக்குத் தெரியாது. விளக்கம் தேடுகின்றான். ஆங்கிலத்தில் மலை மலையாகக் கிடைக்கின்றது. தமிழில் அவன் கைக்கு எட்டுவது மிகக் குறைவு.

எதிர்வாதங்களும் மறுப்பும்

"விளையாட்டுத்தானே, அழிந்தால் அழியட்டுமே!" என்பார் ஒரு சாரார். லிங்க் அமைத்த பொறியையும் தொடக்கத்தில் விளையாட்டுப் பொருளாகவே கண்டனர். மலேசியாவில் வணிக விமானி உரிமம் பெறும் பயிற்சிக்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் செலவாகும். தோட்டத்தில் இருந்து வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. வீட்டில் பழகும் நேரம் உரிமத்திற்குக் கணக்காகாது என்பது உண்மையே. அதற்கென அதிகாரத் தரப்பு ஏற்றுக்கொண்ட பயிற்சிக் கருவிகள் உண்டு. ஆனால் காற்றின் திசை, கோணக் கணக்கு, நிலப்படம், வானிலை அறிக்கை, கருவிகளை வாசிக்கும் ஒழுங்கு ஆகிய அனைத்தையும் பள்ளிப் பாடநூலைக் காட்டிலும் உயிர்ப்போடு அது கற்பிக்கின்றது. செல்வர் வீட்டுப் பிள்ளை பறப்பது பயிற்சி, ஏழை வீட்டுப் பிள்ளை பறப்பது விளையாட்டு என்று பிரிக்கும் நாக்கு யாருடைய நாக்கு?

"பழையன போகத்தானே வேண்டும், நன்னூலாரே சொல்லியிருக்கின்றாரே!" என்பார் வேறொரு சாரார். தமிழாசிரியர் சிலரும் இதனைச் சொல்லக் கேட்கின்றோம். நன்னூலார் அங்கே பேசுவது மொழி வழக்கைப் பற்றி. காலப்போக்கில் வழக்கு மாறுவதைக் குற்றமெனக் கொள்ளற்க என்பது அவர் கருத்து. வீட்டைத் துடைத்து எறிக என்று அவர் யாருக்கும் ஆணையிடவில்லை. ஒரு சொல் வழக்கொழிந்தாலும் அச்சொல் பயின்ற நூலை நாம் எரிப்பதில்லை. உரை எழுதிக் காக்கின்றோம். உரையாசிரியர் மரபில் வந்தோம் என்று மேடையில் முழங்கிவிட்டு, பழைய கோப்பைத் திறக்க ஒரு வரிக் குறிப்பும் எழுதி வைக்காமல் இருப்பது எந்த மரபு?

"கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்பது மூன்றாவது வாதம். இதுவே மிகவும் ஆபத்தானது. கடைக்காரருக்குத் தெரிந்த எளிய மருத்துவம் ஒன்றுண்டு. வட்டு முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிய தளத்தை நிறுவுவதே அது. கணினி பளிச்சென்று வரும். ஆனால் அதனுள் எது கடையில் வாங்கத்தக்கது, எது உன் கையால் உண்டானது என்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? நிரலை மறுபடியும் பெறலாம். மூன்றாண்டு பறந்த குறிப்பேட்டை எந்தக் கடையில் பெறுவது?

"இவையெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் காரியங்கள். தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை?" என்பது நான்காவது வாதம். இதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை எழுந்தது. அதற்கு முன், தளம் மாறும்போது பொருள்கள் ஏன் அழிகின்றன என்பதைக் காணவேண்டும்.

எவை மடிந்தன, எவை பிழைத்தன?

கணினி வரலாறு நமக்கு நல்ல சான்றுகளைத் தருகின்றது. 1990-களில் ஜாய்ஸ்டிக் செருகப்பட்ட பழைய வகை விளையாட்டு வாசலை, 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா கைவிட்டது. கைப்பிடி பழுதின்றி இருந்தும் செருக இடமின்றிப் பரணுக்குப் போயிற்று. 16 பிட் அளவில் எழுதப்பட்ட பழைய நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடுவதில்லை. விண்டோஸ் 11-க்கு 64 பிட் வடிவம் மட்டுமே உண்டு. குறுந்தட்டில் விற்கப்பட்ட விளையாட்டுகள் பலவற்றுக்குச் சேஃப்டிஸ்க் என்னும் படியெடுப்புத் தடைப் பூட்டு இடப்பட்டிருந்தது. விண்டோஸ் 10 அந்தப் பூட்டையே பாதுகாப்பற்றது என்று ஒதுக்கியது. விளைவு என்ன? பணம் கொடுத்து வாங்கியவனுடைய தட்டு அவன் கையிலேயே ஊமையாயிற்று. ஆப்பிள் நிறுவனமும் 2019-இல் கேட்டலினா என்னும் தளத்தோடு 32 பிட் நிரல்களை நிறுத்தியது.

2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பாவனைப் பொறியின் கதை இன்னும் சிறந்த சான்று. அதனை உருவாக்கிய ஏசஸ் என்னும் பணிக்கூடம் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. தாய் போனாள், பிள்ளை மட்டும் எஞ்சியது. ஆயினும் பத்தாண்டுக்கு மேலாக உலகெங்கும் மக்கள் அதில் பறந்தனர். எதனால்? பயன்படுத்தியோர் ஒவ்வொரு குறைபாட்டையும் எழுதி வைத்தனர். 32 பிட் நிரலாதலால் நான்கு கிகாபைட் நினைவகத்திற்கு மேல் அதற்கு எட்டாது என்பதையும், காட்சிகளை மிகுதியாக ஏற்றினால் நடுவானில் நின்றுவிடும் என்பதையும், எந்த அமைப்பைக் குறைத்தால் நிற்காது என்பதையும் தம் மொழியில் எழுதிப் பகிர்ந்தனர். நிறுவனம் கைவிட்ட பொருளை எழுத்து காப்பாற்றியது.

பிழைத்தவை எவை என்றும் பார்க்கவேண்டும். யூ.எஸ்.பி. வழியாகப் பொதுவிதிக்குக் கட்டுப்பட்டுச் செய்யப்பட்ட கைப்பிடிகள், தனி இயக்கி ஏதும் இன்றியே விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குகின்றன. தன் நிறுவனத்தின் தனி நிரல் இருந்தாலன்றிப் பேசாத கருவிகள்தாம் அனாதையாகின்றன. எக்ஸ்-பிளேன் தன் உடைமைகளைப் பெரும்பாலும் ஒரே கோப்புறைக்குள் வைத்திருப்பதால், அந்தக் கோப்புறையை அப்படியே வேறு வட்டுக்குக் கொண்டு செல்ல முடிகின்றது. ஃபிளைட்கியரின் மூலம் திறந்து கிடப்பதால், எந்தப் புதிய தளம் வந்தாலும் அதற்கேற்ப அதனைத் திருத்த யாரேனும் ஒருவர் முன்வர முடிகின்றது.

ஆகவே விதி தெளிவாகின்றது. பொதுவிதிக்குக் கட்டுப்பட்டவை பிழைத்தன. ஒருவரது பூட்டுக்குள் கிடந்தவை மடிந்தன. எழுதி வைக்கப்பட்டவை மீண்டன. எழுதப்படாதவை மறைந்தன.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பழைய தளத்தில் உள்ள ஓட்டைகளைக் காலமெல்லாம் அடைத்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. திருத்தம் நின்றுபோன கணினியை இணையத்தில் உலவ விடுவது கள்வனுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். எனவே மாற்றம் வேண்டும். ஆனால் மாற்றத்தின் சுமை முழுவதும் வாங்கியவன் தலையிலேயே விழ வேண்டுமா? ஓடும் கணினியைச் சில்லு ஒன்று இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எந்த வகைச் சிக்கனம்? இக்கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதற்கும் நமக்கு மொழி வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

ஆசிரியப் பெருமக்களே, மேலே கண்ட விதி விமானத்திற்கு மட்டும் உரியது அன்று. நம் எழுத்துக்கும் உரியது. கணினியில் தமிழ் வந்த நாள்களில் ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினர. ஒருவருடைய 'அ' மற்றொருவருடைய 'ழு' ஆயிற்று. ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால் வேற்றுக்கிரக மொழி தோன்றியது. எழுத்துரு போயிற்றென்றால் கட்டுரையும் போயிற்று என்பதே நிலை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் மலேசியர் முன்னணியில் நின்றனர். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் இந்நாட்டின் கொடை. 1991-இல் வந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னை மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000-ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகளாவிய அமைப்பு தோன்றியது. 2001-இல் அதன் மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோட் இயங்குதளத்தின் உள்ளேயே இடம்பெற்றது. இன்று ஈப்போவில் தட்டெழுதிய தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும், யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் ஒரே வடிவில் படிக்கின்றோம் என்றால், தனித்தனிப் பூட்டுகளை விட்டுப் பொதுவிதிக்கு வந்ததே காரணம்.

ஆனால் பொதுவிதி வந்துவிட்டது என்பதால் பழைய கோப்புகள் தாமாகவே உருமாறிவிடுமா? 1990-களில் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட வினாத்தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், அச்சேறாத சிறுகதைகள் எத்தனை பேரிடம் நெகிழ்வட்டிலும் குறுந்தட்டிலும் உறங்குகின்றன? அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை அறிந்தவர் நினைவு மங்குவதற்குள் மாற்றியாக வேண்டும். தோட்டத்துப் படிப்பகத்தை இழந்த சமூகம், தன் கையால் தட்டெழுதிய படிப்பகத்தையும் இழக்கப் போகின்றதா? பறப்புப் பாவனைப் பொறியின் ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போவது ஓர் இளைஞனின் இழப்பு. நம் கோப்புகள் திறக்காமற் போவது ஓர் இனத்தின் இழப்பு. காரணம் இரண்டிற்கும் ஒன்றே.

இன்னொரு சிறு செய்தியும் உண்டு. புதிய கணினியில் பயனர் பெயரைத் தமிழில் இட்டு மகிழும் மாணவர் உளர். போற்றத்தக்க ஆர்வம். ஆனால் யூனிகோடை அறியாத பழைய நிரல்கள், தம் கோப்புறையின் பாதையில் தமிழெழுத்தைக் கண்டதும் வழி தெரியாது திகைத்து நின்றுவிடும். குறை தமிழில் இல்லை. உலகில் ஆங்கில எழுத்து மட்டுமே உண்டு என்று எண்ணி நிரல் எழுதியவனிடம் இருக்கின்றது. இதனை அறிந்த மாணவன் கோப்புறைப் பாதையை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, உள்ளடக்கத்தைத் தமிழில் வைப்பான். அறியாத மாணவன் "தமிழால் கணினி கெட்டது" என்பான். தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்க்கு இந்த ஒரு சான்று போதாதா?

செக்ரோல் எடுக்காமல் வேலைக்காட்டுக்குப் போகலாமா?

பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிக்காமல் தோட்டத்தில் ஆள் வேலைக்குப் போனதில்லை. அது முதலாளியின் ஒழுங்கு. கூலியைக் கணக்கிட எழுந்தது. அந்த ஒழுங்கை நம் நன்மைக்கு நாமே கைக்கொள்ளும் காலம் இது. தளம் மாற எண்ணும் மாணவன் செய்யவேண்டியது இதுவே.

முதலாவது, பெயர் கூப்பிடுதல். எந்த நிரல், எந்தப் பதிப்பு, எங்கிருந்து பெற்றது, திறவெண் எது என்று பட்டியல் எழுதுக. இரண்டாவது, தரம் பிரித்தல். மீண்டும் பெறத்தக்கவை ஒருபுறம். தானே உண்டாக்கிய அமைப்புகள், காட்சிகள், பறப்புக் குறிப்பேடு ஆகியவை மறுபுறம். மறுபுறத்தில் உள்ளவற்றை இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைக்க. மூன்றாவது, பூட்டுகளைத் திறத்தல். ஒரு கணினிக்கு மட்டும் உரிமம் தந்த துணைநிரல்களைப் பழைய கணினியில் இருந்து முறைப்படி விடுவித்த பின்னரே வெளியேறுக. பழைய வீட்டுச் சாவியை ஒப்படைக்காதவனுக்குப் புதிய வீட்டுச் சாவி கிடைப்பதில்லை. நான்காவது, கருவிகளின் சாதகம். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை எழுதியோ படம் பிடித்தோ வைக்க.

ஐந்தாவது, ஒவ்வொருவராகக் குடியேற்றல். புதிய தளத்தில் மூல நிரலை மட்டும் நிறுவி, அதனோடு வரும் எளிய விமானத்தில் ஒரு முறை பறந்து பார்க்க. பின்னர் துணைநிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க. எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றினால், பழுது வரும்போது குற்றவாளி யார் என்று கண்டறிய இயலாது. ஆறாவது, பொறுமை. பழைய வட்டினை ஒரு திங்களேனும் அழிக்காது வைத்திருக்க. புதிய தளத்திற்கு வரவே முடியாத பழைய நிரல் இருக்குமாயின், பழைய கணினியிலேயே, இணையத் தொடர்பை அறுத்துவிட்டு, அது வாழட்டும்.

புதிய விண்டோஸ் ஏற்காத கணினி செத்த கணினி அன்று என்பதையும் மாணவர் அறியவேண்டும். லினக்ஸ் தளத்தை விலையின்றி நிறுவலாம். ஃபிளைட்கியரும் எக்ஸ்-பிளேனும் அதில் இயங்குகின்றன; முன்னது இலவசம். 2020, 2024-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் பொறிகள் லினக்ஸுக்கென வெளியிடப்படவில்லை. அழகிய காட்சி வேண்டுவோர் புதிய கணினிக்குப் பொருள் சேர்க்கட்டும். பறக்கக் கற்க வேண்டுவோர் இருப்பதைக் கொண்டே தொடங்கட்டும். லினக்ஸின் திரைச்சொற்களைத் தமிழாக்கியோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு சொல்லையேனும் திருத்திக் கொடுப்பது தமிழ் மாணவனுக்குத் தகுந்த பணி.

தமிழாசிரியரின் கடன்

மேற்சொன்ன ஆறு படிகளில் தமிழில் சொல்ல முடியாதது எது? ஒன்றுமில்லை. சொல்ல முயலாமையே நம் குறை. நம் பள்ளிகளில் "நான் ஒரு விமானியானால்" என்னும் தலைப்பில் மாணவர் காலங்காலமாகக் கட்டுரை எழுதி வருகின்றனர். மேகம் பஞ்சுப் பொதியாகும். பறவைகள் வாழ்த்துப் பாடும். விமானி தாய்நாட்டுக்கு வணக்கம் செலுத்துவான். இறுதியில் நற்சிந்தனை ஒன்று வரும். இறக்கை ஏன் தூக்குகின்றது, சுக்கான் எதைத் திருப்புகின்றது, எதிர்க்காற்றில் ஏன் இறங்கவேண்டும் என்பது பற்றி ஒரு வரியும் இராது. பத்து வாக்கியம் அழகாக எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் இடுகின்றோம். உண்மையாகவே பாவனைப் பொறியில் பறக்கும் மாணவனோ, தான் அறிந்ததைத் தமிழில் எழுதச் சொல் கிடைக்காமல் வாய்மூடி அமர்ந்திருக்கின்றான். மொழிப்பாடம் அவன் அறிவுக்குத் துணையாக நிற்கின்றதா, அணையாக நிற்கின்றதா?

தேர்வுக்கு வராது என்னும் சாக்கும் இனிச் செல்லாது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் அகற்றப்பட்டது. தேர்வுத் தளை ஒன்று அவிழ்ந்த பின்னும் பழைய தலைப்புகளைச் சுற்றியே வருவது, கட்டவிழ்த்த பின்னும் கிணற்றைச் சுற்றிவரும் மாட்டின் செயலாகும். செய்முறை விளக்கம் எழுதும் பயிற்சியை நம் வகுப்பில் முதன்மைப் பயிற்சியாக்குவோம். மாணவன் தான் செய்த ஒன்றை, அதனைச் செய்தறியாத மற்றொரு மாணவன் படித்துப் பிழையின்றிச் செய்யுமாறு எழுதட்டும். அதுவே உரைநடையின் உரைகல். கலைச்சொல் தெரியாத இடத்தில் வழக்குச்சொல்லை இடட்டும். ஜாய்ஸ்டிக் என்று எழுதினால் தமிழ் சாகாது. எழுதாமலே விட்டால்தான் சாகும்.

பால்மரத் தொழிலைப் பாருங்கள். மங்கு, உளி, கோட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு என்னும் சொற்கள் இன்றைய தாமான் பிள்ளைக்கும் எட்டுகின்றன என்றால், இந்நாட்டு நாவலாசிரியரும் சிறுகதையாசிரியரும் அவற்றை எழுதி வைத்ததே காரணம். ஈயத் தொழிலையும் பாருங்கள். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஈயக் கப்பல் ஒன்று, தஞ்சோங் துவாலாங் அருகே நினைவுச் சின்னமாக நிற்கின்றது. இரும்பைக் காத்துவிட்டார்கள். அத்தகைய கப்பல்களை ஓட்டியவர், பழுது பார்த்தவர் ஆகியோரின் செய்முறைகள் எத்தனை தமிழ் நூல்களில் உள்ளன? எழுதப்பட்ட தொழில் சொல்லாக வாழ்கின்றது. எழுதப்படாத தொழில் காட்சிப் பொருளாக நிற்கின்றது. கணினி எந்தப் பக்கம் சேரவேண்டும் என்பதை நாமே முடிவு செய்கின்றோம்.

மாணவ மணிகளே, நீங்கள் வாழப்போகும் ஐம்பது அறுபது ஆண்டுகளில் இயங்குதளங்கள் பல மாறும். விண்டோஸ் 11-க்கும் ஒருநாள் முடிவுரை எழுதப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனம் நாள் குறிக்கும், நீங்கள் பெயர்வீர்கள். உங்கள் பாட்டன்மார் பெயர்ந்தபோது பட்டியல் எழுத அவர்களுக்கு ஓய்வில்லை. பலருக்கு எழுத்தும் இல்லை. உங்களுக்கு இரண்டும் உண்டு. ஆகவே உங்களிடம் கணக்குக் கேட்போம்.

சங்கங்களும் பள்ளிகளும் இவ்வாண்டிலேயே செய்யத்தக்க பணி இரண்டு. தம்மிடமுள்ள பழைய எழுத்துருக் கோப்புகளைக் கணக்கெடுத்து யூனிகோடுக்கு மாற்றுதல் ஒன்று. கணினி அறிந்த மாணவரைக் கொண்டு, தளம் மாறும் முறையை எளிய தமிழில் ஒரு சிறு கையேடாக எழுதுவித்தல் மற்றொன்று. அந்தக் கையேட்டை எழுதும் மாணவன் பறப்புப் பாவனைப் பொறியைப் பற்றி எழுதினால் அதனையும் வரவேற்போம். ஏனெனில், தன் பொறியைப் பழுதின்றிப் புதிய தளத்தில் இறக்கத் தெரிந்தவனுக்கு, தன் மொழியையும் அவ்வாறே இறக்கத் தெரியும்.